கதவுக்கு வெளியே நின்றவர்

பாளையங்கோட்டையில் அப்பாவைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்திருந்தபோது, கதவுக்கு வெளியே ஓர் அம்மாவைப் பார்த்தேன். அந்த அம்மா உட்காரவே இல்லை. கதவு திறக்கும்போதெல்லாம், பிள்ளையை வாங்கப் போகிறவர் போல இரு கைகளையும் சேலையில் துடைத்துக்கொள்வார். உள்ளே அவருடைய மகனுக்கு மூச்சுக் கருவி பொருத்தியிருந்தார்கள்.

“இன்னைக்கு வீனிங் ஆரம்பிக்கிறோம்” என்று சொல்லிவிட்டு டாக்டர் போய்விட்டார்.

அந்த அம்மா என் கையைப் பிடித்தார். “மிஷின நிப்பாட்டப் போறாவளா, தம்பி?”

“இல்லம்மா. பையப் பைய கொறைச்சு, அவரே மூச்சுவிடப் பழக்குவாவ. பிள்ளைக்குப் பால் மறக்கடிப்போம்லா, அது மாதிரி.”

பிடி இறுகியது.

“பால் மறக்கடிக்கையில ராப்பூரா என்னத் தேடி அழுதான். இப்பத் தேடுனா, நான் வெளியலா நிக்கேன்.”

சாயங்காலம் அப்பாவை வார்டுக்கு மாற்றினார்கள். ஸ்ட்ரெச்சரோடு போகையில் திரும்பிப் பார்த்தேன். அழுகைச் சத்தம் கேட்டுவிடாதா என்று அந்த அம்மா கதவில் காதை வைத்து நின்றார்.