பைக்குள் இருந்த ஸ்டவ்

பஸ் செலவையும் ஓட்டல் செலவையும் மிச்சம் பிடிக்க, நான் ஒருவரிடம் பொய் சொன்னேன். காலாண்டு விடுமுறைக்குக் குற்றாலம் போக, கோவில்பட்டியில் தெரிந்த டிரைவரின் தீப்பெட்டி லாரியில் இடம் கேட்டிருந்தேன்.

“மண்ணெண்ணெய் எதுவும் கொண்டுவரலல்லா, அண்ணாச்சி?”

“இல்லப்பா” என்றேன். சமைக்க எடுத்த, மண்ணெண்ணெய் நிரப்பிய ஸ்டவ் பைக்குள் இருந்தது.

பண்டல்கள்மேல் நானும் இரண்டு மகள்களும் உட்கார்ந்திருந்தோம். கழுகுமலை தாண்டியதும் லாரி குலுங்கி, ஸ்டவ் சாய்ந்து மண்ணெண்ணெய் கொட்டியது. எங்களுக்கு அடியில் முழுக்கத் தீக்குச்சிகள். ஓர் உரசல் போதும். கேபினைத் தட்டிக் கத்தினேன்.

டிரைவர் ஓடிவந்து பிள்ளைகளைத் தூக்கி இறக்கினார். “புள்ளைகள வச்சுக்கிட்டா பொய் சொன்னீய?”

நனைந்த பண்டல்களால் அவருக்கு வேலை போனது. பத்து நாள் பயந்து கிடந்துவிட்டு, லாரி முதலாளியிடம் உண்மையைச் சொன்னேன். டிரைவரைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள்.

அதன்பின் என்னைப் பையோடு எங்கே பார்த்தாலும், “தொறந்து காட்டுங்க, அண்ணாச்சி” என்பார். சிரிக்க மாட்டார். நானும் திறந்து காட்டுவேன்.