முதுகுப் பக்கத்து முடிச்சு

புளத்கொகுபிட்டிய மலைகளில் ரப்பர் மரம் துளிர்விடும் மாசி வெயிலில்தான் இலைநோயும் வரும். அதற்குக் கந்தகத் தூள் அடிக்கும் ஆட்களுக்குத் தோட்டத் துரை தடித்த சாக்குத்துணியில் கோட்டுத் தைத்துக் கொடுத்தார். கழுத்திலிருந்து முழங்கால்வரை மூடும். கட்டும் நாடா முதுகில். முன்னால் வைத்தால் தூள் புகுந்துவிடுமாம். போட்டவனால் தானாகக் கழற்ற முடியாதே என்று யாருக்கும் உறைக்கவில்லை. போடப்போவது துரையில்லையே.

பால்வெட்டுக்காரி பஞ்சவர்ணம் தன் புருஷன் சடையனுக்குத் தன் கையாலேயே கட்டிவிட்டாள். கந்தகம் பட்டால் தோல் வெந்துபோகும் என்று கங்காணி பயமுறுத்தியிருந்தார். வேர்த்த உடம்பில் காற்றுப் பட்டால் ஜன்னி வரும் என்று அவர்கள் குடியிருந்த லயமே நம்பியது. இரண்டு பயமும் அவள் விரலில் இறங்கின.

"இறுக்காத புள்ள, மூச்சு முட்டுது."

"முட்டட்டும். நடுவுல கழட்டிப்புடாதீங்க. வேர்வ அடங்காம தண்ணியும் குடிக்காதீங்க."

அந்த மனுஷன் வாழ்நாளில் அன்றைக்குத்தான் அவள் பேச்சைக் கேட்டான்.

காலையிலேயே முடியவேண்டிய வேலை, தூள் அடிக்கும் மெஷின் கோளாறாகி உச்சிவெயிலுக்கு இழுத்துவிட்டது. சடையன் மரத்தடியில் சுருண்டு விழுந்தான். அடுத்த மலையில் பால் சேர்த்துக்கொண்டிருந்தவள் ஓடிவந்தபோது அவன் உடம்பு அடுப்புக்கல்லாய்ச் சுட்டது. கூட நின்றவர்கள் முடிச்சோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். வேர்வையில் ஊறி இறுகிய முடிச்சு அசையவில்லை. கடைசியில் பஞ்சவர்ணமே பால்வெட்டுக் கத்தியால் அறுத்தாள். அதற்குப் பிறகு தண்ணீர் ஊற்றி என்ன செய்ய?

துரை வந்து பார்த்து, தொப்பியைக் கழற்றிவிட்டுப் போனார். கங்காணிதான் வாயைத் திறந்தார்.

"ஒன்னைய யாரு இப்புடி இறுக்கச் சொன்னது?"

பாவி! அந்த நாக்கு அழுகாமல் இருந்ததே.

அடுத்த வாரம் அதே கோட்டுக்குப் புது நாடா தைத்து அவள் தம்பி அங்கமுத்துவிடம் கொடுத்தார்கள். காலையில் அவன் வந்து முதுகைக் காட்டி நின்றான். வேறு யாரிடம் போவான்?

"கட்டி வுடு, அக்கா."

அழுதுகொண்டே கட்டினாள். இழுத்தால் அவிழும் சுருக்கு. நாடாவின் நுனியைத் தோளுக்கு மேலாகக் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தாள்.

"தல சுத்துனா இழு. யாரையும் கேக்காத. வேர்த்தாலும் தண்ணியக் குடி. ஜன்னி வந்தா நான் பாத்துக்கிறேன்."

அப்புறம் மாசிக்கு மாசி, தூள் அடிக்கும் ஆண்கள் எல்லாரும் அவள் வாசலில் முதுகைக் காட்டி நின்றார்கள். ஒருவனும் சாகவில்லை. மகராசி என்று வாழ்த்தினார்கள். அந்த வார்த்தை அவள் காதில் எரிந்தது.

அந்தச் சுருக்கு அவளுக்குப் புதிதா என்ன? நாய் துரத்தினால் சட்டென்று அவிழ்த்துவிடலாம் என்று, வீட்டு ஆட்டை அவள் தினமும் அப்படித்தான் கட்டினாள். சடையன் செத்த அன்றைக்கும் ஆட்டை அப்படித்தான் கட்டிவிட்டுப் போயிருந்தாள்.