மடியில் போன வேக்கம் கேஜ்

எங்கள் ஆய்வகத்தின் மூல வேக்கம் கேஜை, அதாவது வெற்றிட அளவுமானியை, ஆண்டுக்கு ஒருமுறை சென்னையில் உள்ள மேல்நிலை ஆய்வகத்தில் சரிபார்க்க வேண்டும். பல ஆண்டுப் பதிவுகளில் அது நிலையாக இருந்தால், அந்த இடைவெளியை நீட்டிக்கக் கேட்கலாம். கேட்டால் முப்பது நாட்களுக்குள் பதில் தரப்படும். விதி இவ்வளவுதான். நான் ஜனவரியில் கேட்டேன். முப்பது நாள் என்பது யாருடைய காலண்டரில் என்று விதி சொல்லவில்லை.

எங்கள் விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைகளில் களிமண்ணைப் பிசையும் இயந்திரம் அதிலிருக்கும் காற்றையும் உறிஞ்சி எடுத்துவிடும். காற்று மிஞ்சினால் சூளையில் இன்சுலேட்டர் விரிசல் விடும். அந்த இயந்திரங்களின் கேஜ்களை எங்கள் கேஜோடு ஒப்பிட்டுத்தான் சான்று தருவோம். எங்கள் கேஜுக்குள் இருப்பதோ மெல்லிய உலோகத் தகடு. ஒருமுறை கூரியரில் போய்வந்தபோது அளவு நகர்ந்துவிட்டது.

அதன் பிறகு எங்கள் ஆய்வக உதவியாளராக இருந்த ஓர் அம்மா அதைப் பழைய புடவையில் சுற்றி, மடியில் வைத்து, ரயிலில் சென்னைக்குக் கொண்டுபோனார். கொடுக்க ஒரு பயணம், வாங்க ஒரு பயணம். பதினோரு ஆண்டுகள். தினமும் காலையில் பம்பை ஓட்டி அதன் பூஜ்ய அளவைக் குறித்ததும் அவர்தான். வரைபடத்தில் அந்தக் கோடு அசையவே இல்லை. எங்கள் அலுவலகத்தில் வேறு எதைப் பற்றியும் அப்படிச் சொல்ல முடியாது.

நான் நீட்டிப்புக் கேட்ட அந்த ஆண்டு அவருடைய கணவருக்குப் பக்கவாதம் வந்தது. பகலில் பக்கத்து வீட்டார் பார்த்துக்கொண்டார்கள். மதியம் இவரே ஓடிப்போய்ச் சோறு ஊட்டிவிட்டு வருவார்.

"வேற யாரு ஊட்டுனாலும் வாயத் தொறக்க மாட்டேங்குறாரு சார். நான் எப்பிடி மெட்ராஸு போறது?"

"கூரியர்ல போட்டுடுங்கன்னு மேல சொல்றாங்கம்மா."

"அதுக்கு என்னையே பொட்டியில போட்டு அனுப்பிடுங்க."

இரண்டு நினைவூட்டல் அனுப்பினேன். பதில் இல்லை. ஜூனில் கேஜின் சரிபார்ப்புக் கெடு முடிந்தது. எனக்கும் அந்த மாதத்தோடு பணி ஓய்வு. நானே கிளம்பினேன். எல்லா நடைமுறையும் தெரிந்த எனக்கு அவர் ஸ்டேஷன் வரை வந்து பாடம் எடுத்தார். "மடியவிட்டு எறக்காதீங்க சார். டீ கீ வாங்க எழுந்துடாதீங்க."

எதிர் சீட்டுப் பெண்மணி வெகுநேரம் பார்த்துக்கொண்டே வந்தார்.

"என்னங்க அது, பச்சக் கொழந்த மாதிரி?"

"காத்து எவ்ளோ இல்லன்னு அளக்குற கருவிங்க."

"இல்லாதத அளக்கவா இம்மாம் பத்திரம்!"

டீ குடிக்கவில்லை. கால் மரத்துப்போனது. பதினோரு ஆண்டுகளாக அந்த அம்மாவின் பயணப்படியில் கையெழுத்துப் போட்டவன், அது எப்படிப்பட்ட பயணம் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

அதே மாதம் மறுபடி போய் வாங்கி வந்தேன். அளவு நகரவில்லை. அவர் சான்றிதழைப் படிக்கவில்லை. புடவை முடிச்சைத்தான் முதலில் பார்த்தார். "நான் கட்டுன மாதிரி இல்ல. பரவால்ல."

பிறகு ஒருநாள் என் வீட்டுக்குப் போன் செய்தார். "லெட்டரு வந்துடுச்சு சார். இனிமே ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா போனா போதுமாம். இந்த வருஷம் அனுப்பத் தேவையில்லன்னும் போட்டிருக்காங்க."

இருவரும் சிரித்தோம். பிறகு அவர் குரல் தணிந்தது. "அடுத்த வருஷம் அவரு கூடவே இருக்கலாம் சார்."

கடிதம் எந்தத் தேதியில் வந்து சேர்ந்தது என்று கேட்டேன், பழக்கதோஷம். அன்றுதான் என்றார்: நான் ஓய்வு பெற்ற மறுநாள், ஜூலை ஒன்று.