மீனாச்சி அக்கா போட்ட இலை

மூத்த பேத்தி சிங்கப்பூரில் பல் டாக்டர். அவள் தம்பி இந்த ஆண்டு வக்கீலாகிவிட்டான். அடுத்தவள் பூப்பந்து ஆடிக் கோப்பை வாங்கி வந்தாள். கடைக்குட்டிக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த அன்று பாயசம் கிண்டிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் மலாக்காவின் காஜா பெராங்கிலிருந்து போன் வந்தது. மீனாச்சி அக்கா போய்விட்டார். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் இவ்வளவு பெருமை பேசுகிறேன் என்றால், அது அந்த அக்கா தந்தது. அவரை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

வெள்ளைக்காரர் காலத்தில் எங்கள் வீடும் அவர் வீடும் அடுத்தடுத்து. அவர் மலாக்கா செட்டி வம்சம். சாமி நம் சாமி, வீட்டில் பேச்சு மலாய். போகியன்று முன்னோர்களுக்கு இலை போட்டு, சோறும் மீனும் படைத்து, திரையை இழுத்துவிடுவார்கள். முன்னோர்கள் வந்து சாப்பிட்டு முடிக்கும்வரை யாரும் உள்ளே போகக் கூடாது. அதைப் பார்ச்சு என்பார்கள். என் அம்மா வேலியோரம் நின்று, "தமிழே ஒழுங்கா வரல, இவளும் ஒரு தமிழச்சி! சாமி கும்பிடுற நாள்ல மீனாம்!" என்பார்.

அக்கா கோபித்ததே இல்லை. "எங்க பாட்டனுக்கு மீன் பிடிக்கும்லா, அத்தை. நான் என்ன செய்ய?"

அக்கா தோட்டத்துத் துரை பங்களாவில் ஆயா. ஜப்பான்காரன் வருகிறான் என்று துரை குடும்பம் காரில் புறப்பட்டபோது, மூவார் துறை வரை குழந்தை அக்கா மடியில்தான் இருந்தது. அங்கே, படகில் வெள்ளைக்காரர்களுக்கு மட்டும்தான் இடம் என்று அவரை இறக்கிவிட்டார்கள். நடந்தே ஊர் திரும்பினார். "அந்தப் பிள்ளை என் கழுத்தை விடலடி. அதுக்கு நிறம் தெரியாதுல்ல" என்று மட்டும் சொன்னார்.

என் வீட்டுக்காரரும் அந்தத் துரையிடம்தான் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தார். எதிரே துரை வந்தபோது சைக்கிளை விட்டு இறங்கவில்லை என்று கன்னத்தில் அறை வாங்கியவர். ஜப்பான்காரன் காலத்தில், இந்தியாவை விடுவிக்கப் புறப்பட்ட படையில் சேர்ந்தார். வெள்ளைக்காரன் திரும்பி வந்ததும் அவரைத் தேட ஆரம்பித்தார்கள். நான் அப்போது புதுப்பெண். ஒரு போகியன்று, சிப்பாய்கள் வருகிறார்கள் என்று தெரிந்து, அவர் வேலி தாண்டி அக்கா வீட்டுக்குள் ஓடினார். அக்கா அவரைப் படையல் அறைக்குள் தள்ளித் திரையை இழுத்துவிட்டார்.

சிப்பாய்களோடு துரையே வந்தார். "ஆயா, நீ என்னிடம் பொய் சொன்னதில்லை. உள்ளே யார்?" என்று மலாயில் கேட்டார். பிள்ளை உன்னைக் கேட்கிறது, வேலைக்குத் திரும்பி வா என்றும் சொன்னார். அக்காவின் முகம் மாறியதை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். என் தாலி அவர் நாக்கில் இருந்தது.

"எங்க ஆளுங்க சாப்பிடுறாங்க, துவான். இன்னிக்குப் பார்ச்சு. திரையைத் தொட்டா பட்டினியா எழுந்து போயிடுவாங்க" என்று மலாயில் சொன்னார் அக்கா.

வருடாவருடம் பார்ச்சுக்கு லீவு கொடுத்த துரைதான் அவர். திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தொப்பியை மாட்டிக்கொண்டு, சிப்பாய்களோடு போய்விட்டார். அக்காவை அதற்குப் பிறகு அவர் வேலைக்குக் கூப்பிடவில்லை. அந்தப் பிள்ளையை அக்கா மறுபடி பார்க்கவும் இல்லை.

என் அம்மா முதல்முறையாக அவர் வீட்டுப் படியேறி, கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "எங்களுக்காகப் பொய் சொன்னியேம்மா!"

"பொய்யா? நானா?" அக்கா திரையை விலக்கிக் காட்டினார். இலையில் மீன் முள் மட்டும்தான் கிடந்தது. என் வீட்டுக்காரர் விரலைச் சூப்பிக்கொண்டிருந்தார். "சாப்பிட்டுட்டுத்தானே இருந்தாரு! அத்தை, எங்க பாட்டனுக்கு இப்ப யாருலா மீன் பொரிக்கிறது?"

அம்மாதான் பொரித்தார்.

தமிழச்சியே இல்லை என்று நாங்கள் தள்ளி வைத்தவர், எங்கள் வீட்டு மனிதரையும் சேர்த்து "எங்க ஆளுங்க" என்றார். அந்தச் சொல்லைத்தான் நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். என் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அந்தத் திரைக்குப் பின்னாலிருந்து வந்தவர்கள்.

வரும் போகிக்கு என் வீட்டிலும் ஓர் இலை போடுவேன், மீன் வைத்து. என்னிடமுள்ள அக்கா படம் மங்கி, முகமே தெரியவில்லை. அக்கா பெற்ற பிள்ளைகளே, அவர் சிரிக்கிற மாதிரி புதுப் படம் ஒன்று இருந்தால், போகிக்கு முன் தபாலில் அனுப்பி வையுங்கள்.