தீபலட்சுமியின் கால்விரல்கள்

நாகலாபுரத்துக் கிருஷ்ணவேணியைப் பற்றி யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். நாற்பது ஆடு மேய்க்கிறவர். பள்ளிக்கூடம் ஐந்தாவதோடு சரி. படித்துப் பட்டம் வாங்கிய எனக்கு ஒரே காலையில் பாடம் எடுத்துவிட்டார்.

நான் தஸ்லிமா. கோவில்பட்டியில் ஒரு சின்ன செவித்திறன் மையத்தில் வேலை. காது கேளாத குழந்தைக்குக் காதுக்குள் காக்ளியர் இம்பிளான்ட் என்ற செவிக்கருவியை ஆபரேஷன் செய்து வைத்த பிறகு, வெளியே மாட்டும் காதோரக் கருவி எவ்வளவு சத்தம் அனுப்பலாம் என்று கம்ப்யூட்டரில் அளவு வைப்பவள் நான்தான். ஆபரேஷன் பாதி வேலைதான். அளவு தப்பினால் மீதி வீண்.

கிருஷ்ணவேணியின் மகள் தீபலட்சுமிக்கு மூன்றரை வயது. ஆபரேஷன் முடிந்து எட்டு மாதம் ஆகியும் கூப்பிட்டால் திரும்பவில்லை. இந்த வயதில் கேட்டுப் பழகாவிட்டால் பிறகு பேச்சு வருவது பெரும்பாடு. அன்று கருவியைக் கம்ப்யூட்டரில் மாட்டினால், ஒரு நாளைக்கு நாற்பது நிமிடம்தான் போட்டிருக்கிறாள் என்று காட்டியது. எனக்கு வந்ததே கோபம்!

"ஆட்டைப் பாக்குத மாதிரி பிள்ளையப் பாக்கக் கூடாதாக்கா?"

கிருஷ்ணவேணிக்குக் கண் கலங்கிவிட்டது. "மாட்டுன ஒடனே பிய்ச்சு எறிஞ்சிருதா மேடம். நான் என்ன செய்ய?"

சத்தம் போதவில்லை போலும் என்று இன்னும் கூட்டினேன். பிள்ளை தாய் மடியில் சிலை மாதிரி இருந்தாள். இமைக்கக்கூட இல்லை. எட்டு மாதமும் இதே கதைதான். அவள் அசையாததால் ஒவ்வொரு தடவையும் நான் கூட்டிக்கொண்டே வந்தேன்.

"கொறைங்க மேடம்! கால் வெரல மடக்கிட்டா. பிடிக்கலன்னா அப்பிடித்தான் செய்வா. எப்பவும் மடக்குவா, படிச்சவுகளுக்குத் தெரியாதான்னு நான் சொல்லல."

"பிடிக்கலன்னா துள்ளணுமே, அழணுமே?"

"இவளயும் ஆடு மேய்க்கக் கூட்டிட்டுத்தான போறேன். மந்தைக்குள்ள துள்ளப்படாதுல்லா. ஒண்ணு வெருண்டா பூரா ஆடும் பருத்திக்காட்டுக்குள்ள போயிரும். தொடைய அமுக்குனா அசையப்படாதுன்னு பழக்கியிருக்கேன்."

சொன்னவர் சட்டென்று தன் கையைப் பார்த்தார். அது பிள்ளையின் தொடையை அமுக்கிக்கொண்டிருந்தது. எனக்குத் தொந்தரவு கொடுக்காமல் இருக்கட்டும் என்று வந்த நாளெல்லாம் அப்படியே அமுக்கியிருக்கிறார்!

"ஐயோ, நாந்தான் கெடுத்தேனா?"

"நானுந்தான்" என்றேன். உண்மையில் பெரும்பங்கு என்னுடையது. மடிக்குக் கீழே ஒரு தடவைகூட நான் பார்த்ததில்லை.

கையை எடுக்கச் சொல்லிவிட்டு எல்லா அளவையும் அடியிலிருந்து தொடங்கினேன். நான் திரையைப் பார்த்தேன். அவர் விரல்களைப் பார்த்தார். "இது ஆவும்... இதும் ஆவும்... போதும், நிறுத்துங்க!" பழைய அளவு எங்கேயோ உயரத்தில் நின்றது. இத்தனை நாளும் அந்தப் பிஞ்சுத் தலைக்குள் இடி இறக்கியிருக்கிறேன். வெட்கமாகவும் இருந்தது, காரணம் பிடிபட்டதில் சந்தோஷமாகவும் இருந்தது.

"ஏட்டி தீபா" என்று மெல்லக் கூப்பிட்டார் கிருஷ்ணவேணி.

திரும்பினாள்! நான் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டேன்.

பேட்டரி மாற்றுவதற்காகக் கருவியைக் கழற்றினேன். எட்டு மாதமாக அதை வீசி எறிந்த பிள்ளை, மாற்றி முடித்ததும் என் கையிலிருந்து வெடுக்கென்று பிடுங்கித் தன் தலையில் தானே வைத்துக்கொண்டாள். பிறகு அம்மாவின் வாயையே பார்த்தாள்.

கிருஷ்ணவேணி அழுதுகொண்டே மகளிடம் பேச ஆரம்பித்தார். நாகலாபுரம் பஸ் ஏறும்வரை நிறுத்தவே இல்லை.