துருத்தித் தோலில் இறைத்த தண்ணீர்

எங்கள் அம்மை மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் சொந்தக்காரர்களில் பலர் எங்கள் உலைக்கோணத்தைப் பார்த்திருக்க மாட்டீர்கள். அம்மையைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் அந்த ஊரையும் சொல்லியாக வேண்டும்.

நாகர்கோவிலுக்கு வடக்கே, மலையடிக் காட்டுக்குள் பத்துப் பன்னிரண்டு வீடுகள். ஓடையில் கருமணல் அரித்து, காட்டு மரத்தில் கரி சுட்டு, உலையில் இரும்பு உருக்கியவர்கள் எங்கள் முன்னோர். அம்மை பிறந்தது சுசீந்திரத்தில், வயல்காரர்களுக்கு ஏர்க்கொழு அடித்துக் கொடுத்த கொல்லர் வீட்டில். அவர் மணமாகி வந்தபோது உலை எரிந்துகொண்டுதான் இருந்தது. அண்ணனும் நானும் பிறந்த பிறகு காடு சர்க்கார் வசமாகி, கரி சுடக் கூடாதென்று உத்தரவு வந்தது. கோட்டாறு சந்தையில் சீமை இரும்பும் மலிந்துவிட்டது.

உத்தரவு மாறும், நாளைக்கே உலை மூட்டிவிடலாம் என்று ஊர் ஆண்கள் காத்திருந்தார்கள். எங்கள் அப்பா அதில் முதல் ஆள். உலை ஊதும் துருத்தியின் எருமைத் தோல் காய்ந்துவிடக் கூடாதென்று வெள்ளிக்கிழமைதோறும் எண்ணெய் பூசுவார். எங்கள் தலை எண்ணெயைக் கண்டு மாதக்கணக்கானதை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

வீட்டுக்கு வீடு பட்டினி. மலைத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போன சிலர் காய்ச்சலில் மாண்டார்கள். "பிள்ளையள அங்க கொண்டு போவமாட்டேன்" என்று அம்மை சொல்லிவிட்டார். பழைய கரிக்களத்தைக் கொத்தி மரச்சீனி என்று நாங்கள் சொல்லும் மரவள்ளியும் வாழையும் வைத்தார். கொல்லம் ஆண்டு ஆயிரத்துத் தொண்ணூற்றொன்பதில் வந்த பெருவெள்ளத்துக்கு மறுவருடக் கோடையில் கன்றுகள் வாடின. மணல் அரித்த பழைய குழியில் தண்ணீர் ஆழத்தில் கிடந்தது. இறக்கிய மண்குடமெல்லாம் ஓரத்தில் இறுகிக் கிடந்த உலைக் கழிவான இரும்புக் கிட்டத்தில் மோதி உடைந்தது. பயிர் போனால் நாங்களும் மலையேற வேண்டியதுதான்.

அப்பா கோட்டாறு போயிருந்த நாளில் அம்மை துருத்தியைப் பிரித்து, தோலை வெட்டி, தண்ணீர் இறைக்கும் பையாகத் தைத்துவிட்டார்.

திரும்பி வந்த அப்பா ஆடிப்போனார். "குடிய கெடுத்தியே ஏட்டி! உத்தரவு மாறுனா என்ன செய்வேன்?"

"உத்தரவு மாறுனா காசு குடுத்து வேற தோலு வேண்டலாம். பிள்ளையளு போச்சுன்னா எங்க போய் வேண்டுவிய?"

பல நாள் அப்பா அம்மையிடம் பேசவில்லை. பிறகு பை தையல் விட்டு ஒழுகியது. காலையில் நாங்கள் எழுந்தபோது அப்பா முற்றத்தில் உட்கார்ந்து அதைத் தைத்துக்கொண்டிருந்தார். அன்று முதல் தண்ணீர் இறைப்பது அவர் வேலையாயிற்று. மற்ற வீட்டுத் துருத்திகளும் ஒவ்வொன்றாகத் தண்ணீர்ப் பையாயின. இன்று உலைக்கோணத்தில் அடுப்பு எரிகிறதென்றால் அதனால்தான்.

அம்மை இதைப் பெருமையாகச் சொல்லி நான் கேட்டதில்லை. மரச்சீனிக் கம்பு கேட்டு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பியதும் இல்லை. அம்மைக்கு நெஞ்சுவலி வந்தபோது கட்டிலோடு தூக்கி, பஸ் வரும் ரோடுவரை நடந்த ஊர்ப் பிள்ளைகளையும், கடைசி மூச்சுவரை கூடவே இருந்த சித்தியையும் எங்கள் குடும்பம் மறக்காது.

அம்மையைக் கடைசியாகக் குளிப்பாட்டும் நீர்மாலைத் தண்ணீர் எடுக்க அண்ணன் குடத்தோடு குழிக்குப் போனான். அப்பா அந்தப் பழைய தோல் பையோடு பின்னால் வந்தார். "தோலுல கோருன தண்ணி இதுக்கு ஆகாது" என்று ஊர்ப் பெரியவர் ஒருவர் தடுத்தார்.

"இந்தத் தண்ணியிலதான நாம எல்லாரும் பிழைச்சோம்?" என்றார் அப்பா. பெரியவர் விலகி நின்றார்.

அப்பா தாமே இறைத்துக் குடத்தை நிறைத்தார். வீட்டுக்கு வந்து, அம்மையின் தலைமாட்டில் நின்று மெதுவாகச் சொன்னார்: "வெள்ளிக்கிழமைதோறும் எண்ணெய் போட்டுத்தான் வச்சிருக்கேன், ஏட்டி."