ஆளில்லாத காணி

காலை ஒன்பது மணிக்கு நான் பன்றிக்கொழுப்பில் கைவைக்கிறேன். நாங்கள் இருக்கிற வெக்ஸ்போர்ட்டில் பஸ் ஏறி, சப்வே மாறி, மறுபடியும் பஸ் பிடித்து ரொறன்ரோவின் வடக்கு மூலைக்குப் போனால், பெருந்தெரு இரைச்சல் கேட்கிற தூரத்திலேயே இருநூறு வருடத்துக்கு முந்திய பண்ணைவீடு ஒன்று நிற்கிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவிலிருந்து வண்டி கட்டி வந்த ஒரு விவசாயியும் மனைவியும் ஒன்பது பிள்ளைகளும் வாழ்ந்த வீடு. இப்போது அது மியூசியம். மெழுகுதிரி, சவர்க்காரம், பொரியல் எல்லாவற்றையும் அவர்கள் செய்தபடியே மிருகக்கொழுப்பில் செய்து காட்டுகிறார்கள். அந்த வாடை தலைமயிரில் ஏறினால் இரண்டு தரம் முழுகினாலும் போகாது. மன்னாரில் கருவாட்டு வாடைக்குள் வளர்ந்தவள் நான், என் மூக்கு இலேசில் சுளிக்காது. இதற்குச் சுளிக்கிறது.

அந்த மனைவிமேல் எனக்கு அருவருப்பில்லை. ஒரே பனிக்காலத்தில் மூன்று பிள்ளைகளைப் புதைத்தவள், பாவம். அருவருப்பெல்லாம் அவள் பட்ட பாட்டை டிக்கெட் போட்டு விற்பதில்தான். வெண்ணெய் கடையும் கட்டையை இரண்டு நிமிடம் பிடித்துப் படமெடுத்துவிட்டு, "எவ்வளவு கஷ்டம்!" என்று உச்சுக்கொட்டுகிற சனம், அங்கே சுட்டுக்கொடுக்கிற பாணை ஒரு கடி கடித்து அப்படியே குப்பைத்தொட்டிக்குள் போட்டுவிட்டுப் போகும். நான் அங்கே கிளீனராகத்தான் சேர்ந்தேன். அந்தத் தொட்டியைக் கொட்டுவது என் வேலையாக இருந்தது.

சேர்ந்த இரண்டாம் மாதம் அடுப்படியில் தொங்கிய இரும்புச் சட்டியைப் பார்த்தேன். உள்ளுக்குள் கறுகறுவென்று கொழுப்புப் படிந்திருந்தது. எங்கள் வீட்டில் அப்படியொரு சட்டி கிடந்தால் அம்மா அடுப்பே மூட்டமாட்டா. அடுப்புச் சாம்பலை அள்ளி, வீட்டிலிருந்து கொண்டுபோன தென்னந்தும்பால் ஒரு மணித்தியாலம் போட்டுத் தேய்த்தேன். சட்டி பளபளத்தது. பொறுப்பாளர் ஹெதர் வந்து பார்த்துவிட்டு வாயில் கைவைத்தா. மெச்சுகிறா என்று நினைத்து நான் சிரித்தேன்.

"கடவுளே, எத்தனை தலைமுறைப் படிவு அது! அந்தக் கறுப்பில்தானே சட்டியின் உயிரே இருந்தது!"

வேலை போச்சு என்று நினைத்து, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளக்கினேன். நாங்கள் கமக்காரக் குடும்பம், ஊரில் சாம்பல் போட்டுத்தான் பாத்திரம் மினுக்குவோம் என்றேன். ஹெதரின் முகம் மாறியது. "நீ உண்மையான விவசாயக் குடும்பமா?" என்று என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டா. அடுத்த கிழமையே, விவசாயியின் மனைவியாக நடித்துவந்த பெண் விலகிப்போன இடத்தை எனக்குத் தந்தா. சட்டியைக் கெடுத்தவளுக்குப் பதவி உயர்வு! நிரந்தர வேலை, மருந்துக்குக் காப்புறுதி. வீட்டில் சீனி வருத்தக்காரக் கணவர் இன்சுலினை மிச்சம் பிடித்துப் போட்டுக்கொண்டிருந்தார். நான் ஒன்றும் கேளாமல் ஓம் என்றேன்.

பிறகுதான் மனப்பாடம் செய்ய ஒரு தாள் வந்தது. "நாங்கள் வந்தபோது இது ஆளில்லாத காணி" என்று அது தொடங்கியது. வாசித்ததும் அப்பாதான் ஞாபகம் வந்தார். ஊரில் சண்டைக்குப் பயந்து ஓடித் திரும்பி வந்தபோது எங்கள் வயலுக்குள் ஆமி முகாம் இருந்தது. அப்பா காணி உறுதிப் பத்திரத்தை ஷொப்பிங் பைக்குள் சுற்றிக்கொண்டு அரசாங்கக் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கினார். ஒருவன் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "உது வெறும் காணியெண்டுதான் இருக்கு ஐயா" என்றானாம். வெறும் காணியில் கிணறு தோண்டியது ஆர், தென்னை நட்டது ஆர்? அந்தப் பையோடு அலைந்தே அப்பா செத்துப்போனார்.

அந்த வரியை மாற்றலாமா, முந்தி இங்கே பூர்வகுடிகள் இருந்தார்கள்தானே என்று ஹெதரிடம் கேட்டேன். "அவர்களுக்கு அடுத்த மண்டபத்தில் படங்கள் வைத்திருக்கிறோம்," என்றா அன்பாக. "நீ விவசாயியின் மனைவி. அவளுக்கு அது தெரியாது."

தெரியாமல் எப்படி? புது நிலத்தை முதல் தரம் உழுதால் முந்தி இருந்தவர்களின் சட்டித்துண்டு மேலே வரும். அதைப் பொறுக்கி வரம்பில் எறிந்திருப்பாள். அந்தக் காலத்து நீளப் பாவாடையும் நாடா வைத்த தொப்பியும் போட்டுக்கொண்டு நானும் அந்த வரியை ஒரு நாளைக்கு ஆறு தரம் சொல்லத் தொடங்கினேன். ஒவ்வொரு தரமும் என்மேலேயே எனக்குச் சீ என்றிருந்தது.

போன புதன்கிழமை ஸ்காபரோவிலிருந்து முதியோர் பஸ் ஒன்று வந்தது. சேலைக்கு மேல் கோட் போட்ட ஒரு அம்மா, நான் சொல்லி முடிக்கும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றா. பிறகு கிட்ட வந்தா.

"பிள்ளை, தமிழோ?"

"ஓம் அன்ரி, மன்னார்."

"இங்கிலீசிலை என்ன சொன்னனி?"

"இவை வரேக்கை இது ஆளில்லாத காணியாம்."

யன்னலால் வெளியே பார்த்தா. "நல்ல மண். ஆறும் கிட்ட. உப்பிடிப்பட்ட இடத்தை ஆரும் சும்மா விட்டிருப்பினமோ?"

"இல்லை அன்ரி," என்றேன். "ஆக்கள் இருந்தவை. அவையளைக் கலைச்சுப்போட்டுத்தான் எடுத்தவை."

வாசலில் நின்ற ஹெதர், அந்த அம்மா என்ன கேட்கிறா என்று சிரித்தபடி கேட்டா. பாண் எப்படிச் சுட்டோம் என்று கேட்கிறா என்றேன். ஹெதர் பெருவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனா.

அம்மா என் பாவாடைத் துணியை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தா. "பிறகேன் பிள்ளை நீ உந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு நிக்கிறாய்?"

இன்சுலின் கதை வாய்வரை வந்தது. அதற்குள் அடுத்த குழு, பள்ளிக்கூடப் பிள்ளைகள், உள்ளே வந்துவிட்டார்கள். அம்மா நகரவில்லை, துணியையும் விடவில்லை. அவவின் கையை மெதுவாக விலக்கிவிட்டு, தொப்பியின் நாடாவை நாடிக்குக் கீழே இறுக்கி முடிந்துகொண்டு, "நாங்கள் வந்தபோது" என்று ஆங்கிலத்தில் தொடங்கினேன்.